ப்ரொஜெக்டர் சுவர்ல பெயின்ட் திட்டுத் திட்டா தெரியுதா? அடுத்த டப்பா வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



வழக்கமா இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், கிரெடிட் கார்டுன்னுதான் பேசுவோம். இன்னைக்கு பெயின்ட் பத்திப் பேசப் போறோம். "ஏன் சார், சேனல் ரூட் மாறிடுச்சா?"ன்னு கேக்காதீங்க. கடைசியில இது பணம் பத்தின பாடம்தான். ரூ.2,050-ல முடிய வேண்டிய ஒரு வேலைக்கு நான் ரூ.4,230 செலவு பண்ணேன். அதோட விட்டிருந்தா பரவாயில்லை. வீட்டு அட்வான்ஸ்லயே கை வைக்கிற அளவுக்குப் போயிருக்கும். நல்ல வேளை, ஒரு பெயின்ட் கடை அண்ணன் தடுத்து நிறுத்தினார்.

ப்ரொஜெக்டர் வாங்கி ஹால் சுவரையே தியேட்டர் ஆக்கணும்னு நினைக்கிறவங்க இப்போ நிறைய பேர் இருக்கீங்க. அதுவும் வாடகை வீட்டுல. அதனால இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

என்ன நடந்தது?

போன வருஷம் போனஸ் வந்ததும் ஒரு பட்ஜெட் ப்ரொஜெக்டர் வாங்கினேன். மடிப்பாக்கத்துல வாடகை வீடு, 2 பிஎச்கே. ஹால்ல ஒரு பக்கச் சுவர் காலியா இருந்துச்சு. 13 அடி அகலம், 9.5 அடி உயரம். வீடியோ பார்த்ததுல, சுவருக்கு லைட் கிரே அடிச்சா படம் நல்லா இருக்கும்னு ஒரு ஆசை. ஹவுஸ் ஓனர் ஆன்ட்டிகிட்ட கேட்டேன். "அடிச்சுக்கோங்க தம்பி. ஆனா காலி பண்ணும்போது பழைய வெள்ளை கலர்ல, சுத்தமா இருக்கணும். இல்லேன்னா அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்"னு சொன்னாங்க. அட்வான்ஸ் ரூ.75,000. சரின்னு தலையாட்டிட்டேன்.

ஒரு சனிக்கிழமை வேலை ஆரம்பிச்சேன். பழைய ஆணி ஓட்டை ஏழெட்டு இருந்துச்சு. அதுல பட்டி வச்சு, உப்புத்தாள் கூடப் போடாம, பிரைமரும் அடிக்காம, நேரா பெயின்ட். ஒரு லிட்டர் டப்பா. ரெண்டாவது கை அடிக்கும்போது வலது ஓரத்துல ரெண்டு அடிக்குப் பத்தலை. அடுத்த வாரம் அதே ஷேடு நம்பர் சொல்லி இன்னொரு லிட்டர் வாங்கி, மிச்சத்தை முடிச்சேன்.

பகல்ல பார்த்தா சுவர் சூப்பர். அன்னைக்கு ராத்திரி ஐபிஎல் மேட்ச். நண்பர்கள் நாலு பேர் வந்தாங்க. படம் போட்டதும் பச்சை மைதானத்துக்கு நடுவுல வட்ட வட்டமா கறை மாதிரி. வலது ஓரத்துல ஒரு பட்டை தனியா தெரியுது. கீழ் மூலையில ஒரு இடம் கொஞ்சம் கருப்பா. "பிட்ச் ரிப்போர்ட் சுவர்லயே இருக்குடா"ன்னு ஒருத்தன் கலாய்ச்சான்.

அடுத்த ரெண்டு வாரம் நான் பண்ணது எல்லாமே தப்பு. முதல்ல மிச்சம் இருந்த பெயின்ட்டை பிரஷ்ல தொட்டு, திட்டு இருந்த இடத்துல மட்டும் பூசினேன். எட்டு திட்டு இருபது ஆச்சு. அப்புறம், "விலை கூடின பெயின்ட் போட்டா மறைஞ்சிடும்"னு நினைச்சு, கொஞ்சம் பளபளப்பு இருக்கிற டப்பா ஒண்ணு வாங்கி சுவர் முழுக்க ஒரு கை அடிச்சேன். இப்போ திட்டோட சேர்த்து, படத்துக்கு நடுவுல ப்ரொஜெக்டர் வெளிச்சம் ஒரு பல்பு மாதிரி மின்னுது.

வெறுத்துப் போய் ஒரு பெயின்டரைக் கேட்டேன். "ஒரு சுவருக்கெல்லாம் வரமாட்டேன் சார், ஹால் முழுக்கன்னா ரூ.9,000"ன்னார். சரி, மோட்டார் வச்ச ஸ்க்ரீனே வாங்கிடலாம்னு ஒரு ஆன்லைன் தளத்துல ரூ.14,000-க்கு நோ காஸ்ட் இஎம்ஐ பட்டன் வரைக்கும் போயிட்டேன். என் மனைவிதான், "ஏங்க, ப்ரொஜெக்டரே பதினெட்டாயிரம். அதுக்குப் பதினாலாயிரத்துல திரையா?"ன்னு கேட்டு நிறுத்தினாங்க.

கடைசியா ஒரு தடவை பெயின்ட் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன்கிட்ட போட்டோவைக் காட்டி, "இன்னும் ஒரு லிட்டர் குடுங்கண்ணே"ன்னேன். அவர் டப்பா எடுக்கவே இல்லை.

"தம்பி, திட்டு எதனால வந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"தெரியலண்ணே. அதான் மேல இன்னொரு கோட்டிங்..."

"காய்ச்சல் எதனாலன்னு பார்க்காம மாத்திரை போடுற மாதிரி இருக்கு. இன்னைக்கு ராத்திரி டார்ச்சை சுவரை ஒட்டிப் பிடிச்சுப் பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் டப்பா தர்றேன்."

விக்க வந்த பொருளையே விக்க மாட்டேன்னு சொன்ன அந்த அண்ணன்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

முதல் பாடம்: காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய் கூட ஆகாது

திட்டு எல்லாம் பார்க்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஆனா ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற, மருந்து வேற, செலவும் வேற. கீழே இருக்கிற சோதனைகளை வரிசையா பண்ணுங்க.

சோதனை 1: தப்பு சுவர்லயா, ப்ரொஜெக்டர்லயா?
லேப்டாப்ல முழு வெள்ளைப் படம் ஒண்ணைத் திறந்து சுவர்ல போடுங்க. திட்டு எங்க இருக்குன்னு பென்சில்ல லேசா குறிச்சுக்கோங்க. இப்போ ப்ரொஜெக்டரை ஒரு அடி பக்கவாட்டுல நகர்த்துங்க. திட்டும் சேர்ந்து நகர்ந்தா, தப்பு ப்ரொஜெக்டர்ல. லென்ஸ்லயோ உள்ளேயோ தூசி இருக்கலாம். பட்ஜெட் மாடல்கள்ல நடுவுல வெளிச்சம் அதிகமாவும் ஓரத்துல கம்மியாவும் இருக்கிறதும் சகஜம். திட்டு அதே இடத்துல நின்னா, சுவர்தான். இதைப் பண்ணாம பெயின்ட் அடிச்சா, ஒழுங்கா இருக்கிற சுவருக்கு வைத்தியம் பண்ற கதை ஆயிடும்.

சோதனை 2: பெயின்ட் காய்ஞ்சிருச்சா?
எமல்ஷன் பெயின்ட் ஈரத்துல ஒரு கலர், காய்ஞ்ச பிறகு ஒரு கலர். தடிமனா விழுந்த இடம் மெதுவா காயும். அதனால அன்னைக்கே தீர்ப்பு சொல்லாதீங்க. குறைஞ்சது ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. மழைக்காலம்னா இன்னும் ரெண்டு நாள் சேர்த்துக்கோங்க.

சோதனை 3: டார்ச் சோதனை
ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சுட்டு, மொபைல் டார்ச்சை சுவரை ஒட்டி, பக்கவாட்டுல வெளிச்சம் ஓடுற மாதிரி பிடிங்க. மேடு பள்ளம் இருந்தா நிழல் விழும். நேரா பார்த்தா தெரியாத பட்டி விளிம்பு, ரோலர் வரி, பிரஷ் கோடு எல்லாம் இதுல காட்டிக் குடுத்துடும். நிழல் தெரிஞ்சா, பிரச்சினை கலர்ல இல்லை, சுவரோட மேற்பரப்புல. அதை எத்தனை கோட்டிங் பெயின்ட்டும் மறைக்காது.

சோதனை 4: மூணு இடத்துல நின்னு பாருங்க
பகல் வெளிச்சத்துல சுவரை நேரா பாருங்க, இடது பக்கம் போய்ப் பாருங்க, வலது பக்கம் போய்ப் பாருங்க. ஒரு கோணத்துல மட்டும் தெரிஞ்சு இன்னொரு கோணத்துல காணாமப் போற திட்டுன்னா, அது பளபளப்பு வித்தியாசம். கலர் ஒண்ணுதான். ஒரு இடம் வெளிச்சத்தை அதிகமா திருப்பி அனுப்புது, பக்கத்து இடம் கம்மியா அனுப்புது. எல்லாக் கோணத்துலயும் தெரிஞ்சா, அது கலர் வித்தியாசம், இல்லேன்னா பெயின்ட் சரியா மூடாத இடம்.

சோதனை 5: ஓதம் இருக்கா?
திட்டு தரைக்குப் பக்கத்துலயோ, பாத்ரூம், கிச்சன் சுவருக்குப் பின்பக்கமோ இருந்தா இதைக் கட்டாயம் பண்ணுங்க. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்டை அந்த இடத்துல வச்சு நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்கமா ஒட்டுங்க. ஒரு நாள், முடிஞ்சா ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. ஷீட்டோட உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் நீர்த்துளி இருந்தா, சுவருக்குள்ள ஈரம் இருக்கு. வெளிப்பக்கம் மட்டும் ஈரம்னா, அது ரூம்ல இருக்கிற காத்தோட ஈரப்பதம்.

என் சுவர்ல என்ன வந்துச்சு தெரியுமா? ஒரே சுவர்ல நாலு நோய். ஆணி ஓட்டைக்குப் பட்டி வச்ச இடமெல்லாம் பளபளப்பு வித்தியாசம். வலது ஓரப் பட்டை கலர் வித்தியாசம். நான் தொட்டுப் பூசின இடமெல்லாம் பிரஷ் கோடு. கீழ் மூலையில ஓதம். இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்தா நான் வாங்கினது இன்னொரு டப்பா பெயின்ட்!

காரணமும் தீர்வும்

பட்டி வச்ச இடம் மங்கலா தெரியுது
காய்ஞ்ச பட்டி, சுவரோட மத்த இடத்தை விட அதிகமா ஈரத்தை உறிஞ்சும். பெயின்ட்ல இருக்கிற தண்ணியையும் பிசினையும் அது இழுத்துக்கிறதால, அந்த இடம் மட்டும் மங்கலா காயும். பிரைமர் இருக்கிறதே இதுக்குத்தான். சுவர் முழுக்க ஒரே மாதிரி உறிஞ்சுற மாதிரி அது சமப்படுத்தும். பிரைமர்ல மிச்சம் பிடிச்சவங்க பெயின்ட்ல அதை விட அதிகமா செலவு பண்ணியே ஆகணும். தீர்வு: பட்டி இடத்தைத் தேய்ச்சு, சுவர் முழுக்க ஒரு கை பிரைமர், அதுக்கு மேல ரெண்டு கை பெயின்ட்.

ரெண்டு டப்பா, ரெண்டு கலர்
கடையில மெஷின்ல கலர் கலக்கித் தர்ற பெயின்ட், ஒரே ஷேடு நம்பரா இருந்தாலும் ரெண்டு தடவை கலக்கும்போது மயிரிழை வித்தியாசம் வரலாம். தனித்தனி சுவர்ல அது தெரியாது. ஒரே சுவர்ல பக்கத்துப் பக்கத்துல தெரியும். அதுவும் அந்தச் சுவர் மேல ப்ரொஜெக்டர் வெளிச்சம் விழுந்தா இன்னும் நல்லா தெரியும். தீர்வு: தேவையான மொத்தப் பெயின்ட்டையும் ஒரே நாள்ல வாங்குங்க. எல்லா டப்பாவையும் ஒரே பக்கெட்ல ஊத்திக் கலக்கி, அதுல இருந்து அடிங்க.

ரோலர் பட்டை பட்டையா தெரியுது
பாதி காய்ஞ்ச ஓரத்து மேல மறுபடி ரோலர் போனா, அந்த இடத்துல ரெண்டு படலம் ஏறி கோடு விழும். நம்ம ஊர் வெயில்ல, ஃபேனையும் போட்டுக்கிட்டு அடிச்சா ஓரம் சீக்கிரம் காய்ஞ்சிடும். நடுவுல போன் பேசப் போனாலும் இதேதான். தீர்வு: முழுச் சுவருக்கும் மறுபடி ஒரு கை, நிறுத்தாம.

தொட்டுப் பூசின இடம்
ரோலர்ல அடிச்ச சுவர்ல மெல்லிய புள்ளிப் புள்ளியான அமைப்பு இருக்கும். பிரஷ்ல பூசினா கோடு கோடா இருக்கும். வெளிச்சம் ரெண்டுலயும் வேற வேற மாதிரி பட்டுத் திரும்பும். அதனால கலர் அச்சு அசலா பொருந்தினாலும் இடம் தனியா தெரியும். ப்ரொஜெக்டர் சுவர்ல திட்டை மட்டும் திருத்துறதுங்கிற வேலையே கிடையாது. மூலையில ஆரம்பிச்சா அடுத்த மூலையிலதான் நிறுத்தணும்.

பளபளப்பு பெயின்ட்
ஹால், கிச்சனுக்கு எல்லாம் துடைக்க வசதியா கொஞ்சம் ஷீன் இருக்கிற பெயின்ட் நல்லதுதான். படம் விழுற சுவருக்கு அது சரிவராது. ப்ரொஜெக்டர் வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி ஒரு பக்கமா திருப்பி அனுப்பும். நடுவுல மின்னும். சுவரோட ஒவ்வொரு குறையையும் எடுத்துக் காட்டும். டப்பா மேல மேட் ஃபினிஷ்னு இருக்கிறதைப் பார்த்து வாங்குங்க. விலை கூடினதுதான் நல்லதுங்கிற கணக்கு இங்க உதவாது.

ஓதம்
இதுக்கு பெயின்ட் மருந்தே இல்லை. ஈரம் வர்ற வழியை அடைக்காம மேல எதை அடிச்சாலும் சில மாசத்துல உப்பு பூத்து, பொரிஞ்சு உதிரும்.

இந்த இடத்துலதான் என் அட்வான்ஸ் தப்பிச்சது

கீழ் மூலையில ஒட்டின பிளாஸ்டிக் ஷீட்டுக்கு உள்ள மறுநாளே முத்து முத்தா தண்ணி. சுவருக்குப் பின்னாடி பாத்ரூம். உடனே போட்டோ எடுத்து, தேதியோட ஓனர் ஆன்ட்டிக்கு வாட்ஸ்அப் பண்ணேன். முதல்ல அவங்க, "நீங்க பெயின்ட் அடிச்சதுனால இருக்கும்பா"ன்னாங்க. அதுல நியாயமும் இருக்கு. சுவர்ல கை வச்சது நான்தானே. நேர்ல வந்து ஷீட்டைப் பார்த்த பிறகு ஒத்துக்கிட்டாங்க. அவங்களோட பிளம்பர் வந்து பார்த்தப்போ, பாத்ரூம் சுவருக்குள்ள பைப் ஜாயின்ட்ல கசிவு. அந்தச் செலவு அவங்களோடது.

இதே இடத்துல நான் நாலாவது டப்பாவை அடிச்சு மறைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? கசிவு உள்ளேயே ஓடிட்டு இருந்திருக்கும். வீட்டைக் காலி பண்ற நாள்ல சுவர் பொரிஞ்சு நிக்கும். "நீங்கதானே கலர் மாத்தினீங்க"ன்னு கேட்டா பதில் சொல்ல என்கிட்ட எதுவுமே இருந்திருக்காது.

தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு விஷயம். தமிழ்நாட்டுல வீட்டு ஓனர், வாடகைதாரர் உரிமை, பொறுப்புகளைச் சொல்ற 2017-ம் வருஷச் சட்டம் ஒண்ணு இருக்கு. யார் எந்தப் பராமரிப்பைப் பார்க்கணும்னு அதுல ஒரு பட்டியலே உண்டு. சுவருக்கு வெள்ளையடிக்கிறது, தேவைப்பட்டா பிளம்பிங் பைப் மாத்துறது, கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர் எல்லாம் ஓனர் பக்கம் வரும். வாடகைதாரர் பண்ணின சேதம் அதுல சேராது. உங்க அக்ரிமென்ட்ல இதைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னும் எடுத்துப் படிங்க. சட்டத்தைத் தூக்கிக் காட்டிச் சண்டை போடச் சொல்லலை. கசிவு உங்க செலவா, அவங்க செலவான்னு தெரிஞ்சு பேசுங்கன்னு சொல்றேன்.

இன்னொண்ணு. கலர் மாத்துறதுக்கு ஓனர் வாயால சொன்ன சம்மதம் போதாது. "நீங்க சொன்ன மாதிரி ஹால்ல ஒரு சுவர் மட்டும் லைட் கிரே அடிக்கிறேன் ஆன்ட்டி, காலி பண்ணும்போது வெள்ளை ஆக்கித் தர்றேன்"னு ஒரு மெசேஜ் போட்டு வைங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி சுவரோட போட்டோவும் எடுத்து வைங்க.

எவ்வளவு பெயின்ட் வேணும்? சின்னக் கணக்கு

அகலம் 13 அடி, உயரம் 9.5 அடி. பெருக்கினா 123.5 சதுர அடி.

என் டப்பா மேல, ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 முதல் 120 சதுர அடின்னு போட்டிருந்துச்சு. எப்பவும் சின்ன எண்ணை எடுத்துக்கோங்க. 123.5-ஐ 100-ஆல வகுத்தா 1.24 லிட்டர். ரோலர்லயும் ட்ரேயிலயும் ஒட்டி வீணாகிறதுக்கு 10% சேர்த்தா சுமார் 1.36 லிட்டர். அப்போ ரெண்டு லிட்டர் வாங்கணும். நான் "ஒரு லிட்டரே போதும்"னு குத்துமதிப்பா வாங்கினதுதான் வலது ஓரப் பட்டைக்குக் காரணம். ஒரு டப்பா மிச்சம் பிடிக்கப் போய் நான் சேர்த்து வாங்கினது எத்தனை டப்பான்னு கீழே பாருங்க.

சரி பண்ற முறை: ஒரு சனி, ஒரு ஞாயிறு

எனக்கு பைப் சரி பண்ணின பிறகு சுவர் காய மூணு வாரம் ஆச்சு. திரும்ப ஷீட் ஒட்டி, துளி இல்லைன்னு உறுதி பண்ணிட்டுத்தான் ஆரம்பிச்சேன். உங்களுக்கு ஓதம் இல்லேன்னா நேரா சனிக்கிழமையே தொடங்கலாம்.

சனிக்கிழமை

1. சோபாவை நகர்த்தி, தரையில பழைய பேப்பர் விரிங்க. ஸ்விட்ச் போர்டு, ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்க.

2. 180 நம்பர் உப்புத்தாள்ல திட்டு, பிரஷ் கோடு, பட்டி விளிம்பு எல்லாத்தையும் தேய்ங்க. அப்புறம் 220 நம்பர்ல சுவர் முழுக்க லேசா ஒரு ஓட்டு ஓட்டுங்க. பளபளப்பு பெயின்ட் அடிச்சிருந்தா அந்த மினுமினுப்பு போற வரைக்கும் தேய்க்கணும். மாஸ்க் கட்டாயம் போடுங்க. ஒரு எச்சரிக்கை: வீடு ரொம்பப் பழசு, உள்ள பழைய ஆயில் பெயின்ட் இருக்கும்னு சந்தேகம் இருந்தா காய்ஞ்ச நிலையில தேய்க்காதீங்க. வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி நம்ம நாட்டுல 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின பெயின்ட்ல ஈயம் இருக்கலாம். குழந்தை இருக்கிற வீடுன்னா இதுல ரிஸ்க் எடுக்கவே வேண்டாம்.

3. உப்பு பூத்த இடத்தைக் காய்ஞ்ச பிரஷ்ல தட்டி எடுங்க. தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, உப்பு கரைஞ்சு மறுபடி உள்ளேயே போகும்.

4. தூசியைத் துடைச்சுட்டு டார்ச் பிடிச்சுப் பாருங்க. பள்ளம் தெரிஞ்ச இடத்துல மெல்லிசா பட்டி. காய்ஞ்சதும் தேய்ச்சு, மறுபடி டார்ச். நிழல் விழாத வரைக்கும் அடுத்த கட்டத்துக்குப் போகாதீங்க. இந்த வேலை முழுக்கவும் பொறுமையே இந்த இடத்துலதான் வேணும்.

5. சுவர் முழுக்க ஒரு கை பிரைமர். ராத்திரி முழுக்கக் காயட்டும்.

ஞாயிற்றுக்கிழமை

6. காலையில ஏழு மணிக்குள்ள ஆரம்பிங்க. ஜன்னல் திறந்திருக்கலாம், ஃபேன் வேண்டாம்.

7. ரெண்டு டப்பாவையும் ஒரே பக்கெட்ல ஊத்தி நல்லா கலக்குங்க. டப்பா மேல சொல்லியிருக்கிற அளவுக்கு மட்டும், மக்குல அளந்து தண்ணி சேருங்க. முதல் கைக்கு ஒரு அளவு, ரெண்டாவது கைக்குக் கண் திட்டத்துல ஒரு அளவுன்னு போடாதீங்க. கட்டி இருந்தா பழைய வேட்டித் துணியில வடிகட்டுங்க.

8. புது ரோலரைத் தண்ணியில அலசிக் காய வச்சுக்கோங்க. இல்லேன்னா நூல் நூலா சுவர்ல ஒட்டும்.

9. ஒரு மூலையில ஆரம்பிங்க. மேல் ஓரத்தைப் பிரஷ்ல ரெண்டு மூணு அடிக்கு மட்டும் பூசி, அது காயுறதுக்குள்ள ரோலரை அங்க கொண்டு வாங்க. ஒரு ஆள் பிரஷ், ஒரு ஆள் ரோலர்னு இருந்தா வேலை சுலபம். ரெண்டு அடி அகலப் பட்டையா மேல இருந்து கீழ வரைக்கும் அடிச்சு, கடைசியா ரோலரை அழுத்தாம மேல இருந்து கீழ ஒரே திசையில ஒரு ஓட்டு ஓட்டுங்க. அடுத்த பட்டையை, முந்தின பட்டையோட ஓரம் ஈரமா இருக்கும்போதே அது மேல கொஞ்சம் ஏத்தி ஆரம்பிங்க.

10. நடுவுல நிறுத்தாதீங்க. போனை சைலன்ட்ல போடுங்க. "இங்க கொஞ்சம் விட்டுப் போச்சே"ன்னு பாதி காய்ஞ்ச இடத்துக்குத் திரும்பிப் போகாதீங்க. அதை ரெண்டாவது கை பார்த்துக்கும். எனக்கு ஒரு கைக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு.

11. டப்பா மேல சொன்ன இடைவெளி விட்டு, எனக்கு நாலு மணி நேரம், ரெண்டாவது கை. அதே மாதிரி, அதே திசையில.

12. டேப்பைப் பெயின்ட் முழுசா காயுறதுக்கு முன்னாடி மெதுவா உரிங்க. படம் போட்டுப் பார்க்கிறதை ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க.

கணக்கு வழக்கு

நான் தப்பு தப்பா பண்ணின செலவு:
முதல் டப்பா: ரூ.610
ரோலர், பிரஷ், டேப்: ரூ.450
பட்டி: ரூ.60
பத்தாம வாங்கின ரெண்டாவது டப்பா: ரூ.610
பளபளப்பு டப்பா: ரூ.780
இதுவரை: ரூ.2,510

சரி பண்ண ஆன செலவு:
பிரைமர் ஒரு லிட்டர்: ரூ.260
மேட் பெயின்ட் ரெண்டு லிட்டர்: ரூ.1,220
உப்புத்தாள்: ரூ.60
புது ரோலர் உறை: ரூ.180
மொத்தம்: ரூ.1,720

ஆக மொத்தம் ரூ.4,230. முதல்லயே ஒழுங்கா பண்ணியிருந்தா பட்டி, பிரைமர், ரெண்டு லிட்டர் பெயின்ட், உப்புத்தாள், ரோலர் சாமான் எல்லாம் சேர்த்து ரூ.2,050. வீணானது ரூ.2,180. இது நான் வாங்கின விலை. உங்க ஊர்லயும், நீங்க எடுக்கிற பிராண்டுலயும் மாறும். கணக்குப் போடுற முறை மட்டும் மாறாது.

பெயின்ட் அடிக்கலாமா, ஸ்க்ரீன் வாங்கலாமா?

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். என் பதில் இதுதான்: நீங்க அந்த வீட்டுல இன்னும் எவ்வளவு நாள் இருப்பீங்க?

சுவர்ல போடுற பணம் வீட்டோடவே நின்னுடும். காலி பண்ணும்போது திரும்ப வெள்ளை ஆக்க இன்னொரு செலவும் இருக்கு. கிரேவை மூட பிரைமரும் ரெண்டு கை வெள்ளையும் வேணும். ஸ்க்ரீன் உங்களோடவே அடுத்த வீட்டுக்கு வரும். ஒரு வருஷத்துக்குள்ள வீடு மாறுவோம்னு தெரிஞ்சா, கையால இழுத்து விடுற சாதாரண ஸ்க்ரீனோட விலையையும் கேட்டுப் பாருங்க. மோட்டார் தேவையே இல்லை. பெயின்ட்டுக்கும், திரும்ப வெள்ளையடிக்கவும் ஆகிற மொத்தத்தோட ஒப்பிட்டு முடிவு பண்ணுங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ-னு பார்த்ததும் விழுந்துடாதீங்க. கிரெடிட் கார்டுல வட்டியைத் தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்களுக்குத்தான். பெரும்பாலும் பிராசஸிங் ஃபீஸும் இருக்கும். மொத்தப் பணம் கட்டினா கிடைக்கிற தள்ளுபடி வேற கை நழுவும்.

சொந்த வீடு, இல்லேன்னா மூணு நாலு வருஷம் இருக்கப் போற வீடுன்னா, சுவரே போதும். கலர் விஷயத்துல ஒரு குறிப்பு: கிரே அடிச்சா கருப்பு ஆழமா தெரியும், ஆனா படத்தோட வெளிச்சம் குறையும். ப்ரொஜெக்டர் வெளிச்சம் கம்மியான பட்ஜெட் மாடல்னா மேட் வெள்ளையே சரி. வாடகை வீட்டுல அதுல இன்னொரு லாபம், காலி பண்ணும்போது கலர் மாத்துற வேலையே இல்லை. அடுத்த வீட்டுல நான் அதைத்தான் பண்ணப் போறேன்.

கடைசியா ஒண்ணு

யோசிச்சுப் பார்த்தா, பணத்துலயும் நாம இதே தப்பைத்தான் பண்றோம். மாசக் கடைசியில காசு பத்தலைன்னா, எங்க ஒழுகுதுன்னு பார்க்காம ஒரு பெர்சனல் லோன் போட்டுப் பூசுறோம். ஃபண்டு சரியா ஏறலைன்னா, காரணம் பார்க்காம அதுக்குப் பக்கத்துல இன்னொரு ஃபண்டு வாங்குறோம். மேல மேல கோட்டிங். உள்ள பைப் கசிஞ்சுக்கிட்டே இருக்கும்.

அந்தக் கடை அண்ணனைப் போன வாரம் பார்த்தேன். "தம்பி, சுவர் எப்படி இருக்கு?"ன்னார். "மேட்ச் பார்க்க வாங்கண்ணே"ன்னேன். மிச்சமான பெயின்ட்டை ஒரு சின்ன டப்பால ஊத்தி, ஷேடு நம்பரும் தேதியும் எழுதி லாஃப்ட்ல வச்சிருக்கேன்.

உங்க சுவர்ல திட்டு இருந்தா, இன்னைக்கு ராத்திரியே டார்ச் சோதனை பண்ணுங்க. என்ன தெரிஞ்சுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. எந்தக் கோணத்துல தெரியுது, சுவருக்குப் பின்னாடி என்ன இருக்கு, இந்த ரெண்டையும் மறக்காம எழுதுங்க. இந்த மாசம் வாடகை வீட்டுல ப்ரொஜெக்டர் வாங்கப் போற நண்பர் யாராவது இருந்தா, அவருக்கு இதை அனுப்பி வைங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.